‘என்று’ முதலில் வரட்டும்

லண்டனில் இருக்கும் தங்கச்சி ஒரு சொற்பட்டியலைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அவளுடைய மகன், என் மருமகன், அங்கே பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். பள்ளியில் கொடுத்த அந்த ஆங்கிலப் பட்டியலைப் பிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்து, வரப் போக வாசிக்கச் சொல்கிறார்களாம். “அண்ணா, தமிழுக்கும் இப்பிடி ஒண்டு இருந்தா அனுப்புங்க. முதல் நூறு சொல் காணும்” என்று ஒரு குரல் பதிவு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இரண்டு பட்டியலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கினால் பிள்ளை இரண்டையும் பிடித்துவிடுவான் என்பது அவளுடைய கணக்கு.

இணையத்தில் தேடினால் அப்படிப் பட்டியல்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. இரண்டு மூன்றைத் தரவிறக்கிப் பார்த்தேன். ஆங்கிலப் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் தமிழ் எழுதியவை. ஆங்கிலத்தின் ‘த’வுக்கு நேரே ஒருவர் ‘அந்த’ என்று போட்டிருக்கிறார், இன்னொருவர் வெறும் கோடு இழுத்துவிட்டார். ‘ஒஃப்’புக்கு நேரே ‘இன்’. ‘டூ’வுக்கு நேரே ‘க்கு’. ‘க்கு’ என்று எழுதிய அட்டையை ஆறு வயதுப் பிள்ளையிடம் நீட்டினால் அது என்ன செய்யும்? ஒரு விக்கல் எடுத்துக் காட்டிவிட்டுச் சிரிக்கும்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு சின்னப் பள்ளியில் தரம் ஒன்றும் இரண்டும் படிப்பிக்கிறேன். வீடு மறுகரையில், ஆரையம்பதி. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறேன். அதற்கு முன்பு படகுப் பாதையில் ஏறி வாவியைக் கடந்த காலம் ஒன்று இருந்தது. காற்றடித்தால் அது சுணங்கும், காலைக் கூட்டமும் முடிந்துவிடும். சரி, அது வேறு கதை. தங்கச்சிக்குக் குரல் பதிவில் பதில் சொல்லத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆங்கிலப் பட்டியலைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த வேலையில் பெரிய பெயர் எட்வர்ட் வில்லியம் டோல்ச். அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1936இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 220 சொற்கள் இருந்தன. சின்னப் பிள்ளைகளின் சொற்கள் என்று அதற்கு முன்பே தொகுத்திருந்த மூன்று பட்டியல்களை ஒப்பிட்டு அவற்றை எடுத்தார். அந்த 220இல் ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை. பூனையும் பந்தும் கதைக்குக் கதை மாறும். எந்தக் கதையிலும் மாறாமல் வந்து நிற்கும் ஒட்டுச் சொற்களைத்தான் அவர் தேடினார். பெயர்ச்சொற்களை 95 என்று தனியாகக் கொடுத்தார். 1957இல் எட்வர்ட் ஃப்ரை என்பவர் வேறொரு பட்டியல் போட்டார், பின்னால் அது ஆயிரம் சொல் வரை நீண்டது. இங்கிலாந்தில் இப்போது பாடத்திட்டத்திலேயே முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்கு ‘பொது விதிவிலக்குச் சொற்கள்’ என்று ஒரு வரிசை இருக்கிறது. மருமகனின் பிரிட்ஜ் கதவில் தொங்குவது அந்த வகைதான்.

இதில் இரண்டு விசயம் கலந்து கிடக்கிறது. அடிக்கடி வரும் சொல் ஒன்று. எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொல் இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த இரண்டும் பல இடங்களில் ஒரே சொல்லாக வந்து வாய்த்துவிட்டது அந்தப் பிள்ளைகளின் கெட்ட காலம். எஸ், ஏ, ஐ, டி என்று எழுதிவிட்டு ‘செட்’ என்று வாசிக்க வேண்டும். ஓ, என், ஈ எழுதினால் ‘வன்’. பக்கத்துக்குப் பத்துத் தடவை வரும் சொல்லே இப்படிக் கோணலாக இருந்தால் பட்டியல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

தமிழில் அந்தக் கோணல் அவ்வளவு இல்லை. ‘க’ ஒன்றுதான், கல்லில் ஒரு விதம், பகலில் ஒரு விதம், தங்கத்தில் ஒரு விதம். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் எந்தப் பிள்ளையும் அதில் தடுக்கி விழுவதில்லை, வாய்க்கே தெரியும். எழுத்தைப் பிடித்துவிட்டால் எந்தச் சொல்லையும் கூட்டிச் சொல்லிவிடலாம். அப்படியானால் தமிழுக்குப் பார்த்தவுடன் பிடிக்க வேண்டிய சொல் என்று ஒன்றும் வேண்டாமா? நானும் நெடுங்காலம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க வைத்தவர்கள், பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்துப் பிள்ளைகள்.

2020இலும் 2021இலும் பள்ளி மாதக்கணக்கில் மூடியிருந்தது. அப்போது தரம் ஒன்றில் சேர்ந்தவர்கள் எங்கள் வகுப்பறையைச் சரியாகப் பார்க்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் போனில் பாடம் நடந்தது என்று சொன்னால் அது பாதி உண்மைகூட இல்லை. அப்பா வயலில், அம்மா சிலருக்கு வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. அந்த அம்மம்மாமாரைக் குறை சொல்ல முடியாது. தங்களுக்குத் தெரிந்த வழியில் ஆனா ஆவன்னாவிலிருந்து முழுவதையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பள்ளி திறந்தபோது வந்த பிள்ளைகளில் பலருக்கு எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது.

கடைசி வாங்கில் இருந்த ஒரு பொடியனை வாசிக்கச் சொன்னேன். வசனம் இதுதான்: யானை குளத்திலிருந்து வெளியே வந்தது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினான். “யா... னை. யானை.” முகத்தில் ஒரு வெளிச்சம். அடுத்த சொல். “கு... ள... த்... தி... லி... ரு... ந்... து.” ஒரு எழுத்தும் பிழையில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

“என்ன மனே வாசிச்ச?”

“‘ந்து’ சேர்.”

வகுப்பு சிரித்தது. அவன் சொன்னது உண்மை. எட்டாவது எழுத்துக்குப் போய்ச் சேரும்போது முதல் எழுத்துகள் கையை விட்டுப் போயிருந்தன, கையில் மிஞ்சியது ‘ந்து’. இத்தனைக்கும் குளம் அவனுக்குப் புதிதல்ல, பின்னேரம் முழுக்க அங்கேதான் கிடப்பான். ஆனால் அந்தப் பக்கத்தில் குளம் எங்கே இருக்கிறது? ‘ம்’ போய்விட்டது, அந்த இடத்தில் ‘த்தி’ வந்து உட்கார்ந்திருக்கிறது, அதன் பின்னால் ஒரு நீளம் தொங்குகிறது. பிள்ளைக்குத் தெரிந்த சொல் அல்ல அது.

டோல்ச் தேடிய ஒட்டுச் சொற்கள் தமிழில் எங்கே என்று கேட்டால், அங்கேதான். ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்பவை நம்மிடம் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகின்றன. எந்தக் கதையை எடுத்தாலும் யானை வரலாம், வராமல் போகலாம். ‘த்தில்’ வராமல் போகாது. ‘க்கு’, ‘ஐ’, ‘ஓடு’, ‘இருந்து’, ‘உடைய’, ‘கள்’, ‘உம்’ வராமல் ஒரு பக்கம் எழுத முடியுமா? வினைச்சொல்லுக்குப் போனால் ‘கிறான்’, ‘கிறாள்’, ‘கிறது’, ‘ந்தார்கள்’. பிள்ளையின் கண் பழக வேண்டியது இவற்றுக்கு. வகுப்பில் இவற்றுக்கு நாங்கள் வைத்த பெயர் வால்.

வாலுக்கு அட்டை செய்தோம். பிரிஸ்டல் போட் வாங்கும் எண்ணமே வரவில்லை, அது 2022. கடதாசித் தட்டுப்பாட்டில் சில இடங்களில் தவணைப் பரீட்சையையே தள்ளிவைத்த வருடம். பழைய கலண்டர்களைக் கொண்டு வரச் சொன்னேன். பின்பக்கம் வழுவழுப்பான வெள்ளை, பிளாட்டிக்னம் பேனாவால் எழுதினால் பளிச்சென்று இருக்கும். சாமி படம் உள்ள கலண்டரை வெட்ட வேண்டாம் என்று ஒரு அம்மம்மா சொல்லி அனுப்பினார். சரி என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, வங்கிக் கலண்டர்களை வெட்டினோம்.

தலை அட்டைகளில் ‘குள’, ‘மர’, ‘பட’, ‘பட்ட’, ‘பள்ளிக்கூட’. வால் அட்டைகளில் ‘ம்’, ‘த்தில்’, ‘த்தை’, ‘த்துக்கு’, ‘த்திலிருந்து’. ஒரு கையில் தலை, மறு கையில் வால், சேர்த்துப் பிடித்து வாசி. ‘குள’வோடு ‘ம்’ சேர்ந்தால் குளம். அதே ‘குள’வோடு ‘த்தில்’ சேர்ந்தால் குளத்தில். ‘ம்’ எங்கே போனது என்ற குழப்பம் அப்போதே தீர்ந்துவிடுகிறது, அது போய் மற்ற அட்டை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் பார்த்த இன்னொரு ஆசிரியருக்குக் கொஞ்சம் மனக்குறை. “இது பிழையான பிரிப்பு அல்லவா? ‘அத்து’ சாரியை, ‘இல்’ உருபு. ‘த்தில்’ என்று ஒன்று இலக்கணத்தில் இல்லையே” என்றார். இல்லைதான். ஆனால் ‘இல்’ என்று அட்டையில் எழுதிக் கொடுத்தால் அந்த ‘இ’யைப் பிள்ளை ‘குளத்தில்’ என்ற சொல்லுக்குள் எங்கே தேடும்? கண்ணுக்கு முன்னால் இருப்பது ‘த்’, ‘தி’, ‘ல்’. சாரியையும் உருபும் மேல் வகுப்பில் வரட்டும், அப்போது அவர்களே பிரித்துக்கொள்வார்கள்.

‘ம்’ குடும்பம் வசமான பிறகு ‘டு’ குடும்பம். வீடு, காடு, மாடு: ‘ட்டில்’, ‘ட்டை’, ‘ட்டுக்கு’. மாட்டை, காட்டுக்கு, வீட்டில். பிறகு ‘று’: ஆறு, ஆற்றில், சோறு, சோற்றை. கடைசியாகப் பள்ளி, குருவி, எலி போன்றவை. அவற்றில் தலை மாறுவதில்லை, நடுவில் ஒரு ‘ய்’ மட்டும் வருகிறது, பள்ளியில், குருவியை. இது சுலபமாக இருக்கிறதே என்று இதிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றும். நான் தொடங்குவதில்லை. எங்கள் பிள்ளைகளின் புத்தகத்தில் மரமும் குளமும்தான் அதிகம்.

பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்தது நீண்ட வால்தான். ‘த்திலிருந்து’ யார் கையில் என்று சண்டை. குட்டிச் சொல்தான் சின்னப் பிள்ளைக்கு இலேசு என்று யார் சொன்னார்களோ தெரியாது. நீளமானது ஒன்றை ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு வரும் பெருமையைப் பார்க்க வேண்டும். அதே போல வினையில் ‘கொண்டிருந்தார்கள்’. வந்துகொண்டிருந்தார்கள், போய்க்கொண்டிருந்தார்கள், பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பயங்கரமான சொல், ஆனால் பின்பாதி எப்போதும் ஒன்றுதான். புத்தகத்தில் வந்தால், வாலை விரலால் மூடு, தலையை வாசி, விரலை எடு. சில கிழமைகளில் விரல் தேவைப்படாமல் போய்விடும்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். இது எழுத்தை விட்டுவிட்டுச் சொல்லைப் படம் போலப் பார்க்கும் முறை அல்ல. அப்படிப் ‘பார்த்துச் சொல்’ முறை அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஓங்கி இருந்தது, இன்றும் சிலர் அட்டையை மின்னல் வேகத்தில் காட்டி மறைக்கிறார்கள். லின்னியா எரி என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் தெரியும் சொல் படமாக மனத்தில் ஒட்டியது அல்ல, எழுத்தும் ஒலியும் பொருளும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டு இறங்கியது என்பது அவர் சொல்வதன் சாரம். எழுத்தைக் கூட்டி வாசித்துப் பழகிய சொல்தான் பிறகு கூட்டாமலே தெரியும். எங்கள் பொடியன் ‘த்தில்’ என்பதை முதலில் மூன்று எழுத்தாகக் கூட்டியே வாசித்தான். பத்து இடத்தில் கூட்டிய பிறகு கூட்டுவதை விட்டான்.

இனி தனியாக நிற்கும் சொற்கள். இவற்றில் எனக்கு முதல் சொல் ‘என்று’.

சின்னப் பிள்ளைகளின் கதையில் நரி சொல்லும், காகம் கேட்கும், ஆமை நினைக்கும். எல்லாவற்றுக்கும் பின்னால் ‘என்று’ இருக்கும். ஒரு கதைப் பக்கத்தைக் கொடுத்து ‘என்று’ வரும் இடமெல்லாம் வட்டம் போடச் சொன்னால் பக்கம் முழுக்க வட்டம். ஆனால் எங்கள் வீடுகளில் யாரும் ‘என்று’ சொல்வதில்லை. ‘எண்டு’தான். ஒன்று இல்லை, ஒண்டு. கன்று இல்லை, கண்டு. இருக்கிறது என்பது எங்கள் வாயில் இரிக்கு. வேண்டும், வேணும். அப்போ தமிழிலும் எழுத்துக்கும் ஒலிக்கும் பொருந்தாத சொல் இருக்கிறது, எழுத்துப் பக்கம் கோணல் இல்லை, நம் வாய்ப் பக்கம்.

ஒரு நாள் ஒரு பெண்பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தாள். ‘நான் வரமாட்டேன் என்று நரி சொன்னது.’ நல்ல ஓட்டமாக, “நான் வரமாட்டேன் எண்டு நரி சொன்னது” என்று வாசித்தாள். நரியின் குரலைக்கூட மாற்றினாள். அன்று வகுப்புப் பார்க்க வந்திருந்த ஒருவர் நிறுத்தினார். “அது எண்டு இல்ல, என்று. வடிவாப் பார்த்து வாசியுங்க.” பிள்ளை திரும்பிப் போய், “எ... ன்... று” என்று கூட்டினாள். பிறகு வசனம் திரும்ப வரவில்லை. நரியும் வரவில்லை.

அவர் போன பிறகும் எனக்கு ஆறவில்லை. அவள் செய்தது பிழையா? ‘என்று’ என்பதைப் பார்த்து, அது தன் வீட்டுச் சொல்தான் என்று கண்டுபிடித்து, பொருளோடு சொல்லியிருக்கிறாள். அதைவிடப் பெரிய வாசிப்பு என்ன இருக்கிறது? எழுத்தைப் பாராமல் அடித்துவிட்டிருந்தால் ‘ஒன்று’வும் ‘கன்று’வும் வரும்போது தடுமாறியிருப்பாள். அவள் தடுமாறவில்லை. ‘ன்று’ கண்ட இடமெல்லாம் ‘ண்டு’ என்று மாற்றும் ஒரு விதியைத் தானே உண்டாக்கி வைத்திருந்தாள். தரம் ஒன்றில் நான் இதைத் திருத்த மாட்டேன். நாங்கள் கதைக்கிறது எண்டு, புத்தகம் சொல்வது என்று, இரண்டும் ஒன்றுதான் என்று மட்டும் சொல்லி வைப்பேன். கொப்பியில் எழுதும்போது ‘எண்டு’ என்று எழுதினால் அங்கே சிவப்புப் பேனா போகும். வாசிப்புக்கு ஒரு நீதி, எழுத்துக்கு ஒரு நீதியா என்றால், ஓம், தரம் இரண்டு முடியும் வரை அப்படித்தான்.

எண்டு, ஒண்டு பரவாயில்லை, வீட்டில் ஒரு சோடி இருக்கிறது. சோடியே இல்லாத சொற்கள்தான் கஷ்டம். ‘மிகவும்’ என்று எங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்? ‘சரியான’ வெயில், ‘சரியான’ பசி. ‘எனவே’, ‘மீண்டும்’, ‘அருகில்’, ‘பின்னர்’. பாடப்புத்தகத்து நரி எப்போது பார்த்தாலும் ‘மகிழ்ச்சி’யாக இருக்கும், எங்கள் பிள்ளைகள் சந்தோசமாகத்தான் இருப்பார்கள். எழுத்தைச் சரியாகக் கூட்டினாலும் கூட்டி வந்த ஒலி அவர்களுக்கு ஒரு சொல்லாகப் படுவதில்லை. இவற்றுக்கு அட்டை வேலை செய்யாது. காதில் விழ வேண்டும். கதையை நான் முதலில் ஆறுதலாக வாசித்துக் காட்டுவேன், இரண்டு மூன்று நாள். ‘மீண்டும்’ வரும் இடத்தில் நிறுத்தினால் அவர்களே சொல்லும் வரைக்கும். பிறகுதான் புத்தகம் கைக்குப் போகும். லண்டன் மருமகனுக்கு இது இன்னும் கூட வேண்டும். அவனுக்கு ‘எண்டு’வே அம்மாவின் வாயிலிருந்து மட்டும்தான் கிடைக்கிறது. தங்கச்சி பட்டியல் ஒட்டுவதைவிடப் படுக்கப் போகுமுன் ஒரு கதை வாசித்துக் காட்டினால் எவ்வளவோ நல்லது.

பட்டியல் வேண்டும் என்றே நின்றால், என் சுவரில் இருப்பதைச் சொல்கிறேன், அது நூறுக்குப் போகாது. அது, இது, எது. அங்கே, இங்கே, எங்கே. அந்த, இந்த, எந்த. அப்படி, இப்படி, எப்படி. முதல் எழுத்தை மாற்றினால் மூன்று சொல், தமிழ் இந்த இடத்தில் பிள்ளைகளுக்கு நல்ல சலுகை தந்திருக்கிறது. அப்புறம் நான், நீ, அவன், அவள், அவர்கள். ஒரு, என்று, ஆனால், இல்லை, உண்டு, வேண்டும், போல, பிறகு, உடனே. கிழமைக்கு மூன்று நான்குக்கு மேல் சேர்ப்பதில்லை. சேர்த்த அன்றே அந்தச் சொல் உள்ள வசனத்தைப் புத்தகத்தில் தேடிப் பிடித்து வாசிக்க வேண்டும், அட்டையில் மட்டும் தெரிந்த சொல் புத்தகத்துக்குள் வந்ததும் பலருக்கு அடையாளம் தெரியாமல் போகிறது. நிறங்கள், பழங்கள், மிருகங்கள் என்று கடைகளில் விற்கும் அட்டைகள் பார்வைக்கு அழகு. அவற்றால் வாசிப்பு ஓடாது.

சுவரில் ‘இல்லை’யை ஒட்டிய கிழமை ஒரு வேடிக்கை. பேரனைக் கூட்டிப் போக வந்த ஒரு அம்மம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “சேர், ‘லை’க்கு தும்பிக்கை விடுபட்டுப் போச்சே” என்றார். தமிழ்நாட்டு அரசு 1978இல் செய்த எழுத்துச் சீர்திருத்தத்தோடு போன தும்பிக்கை. ணை, லை, ளை, னை நான்குக்கும் இருந்தது, இப்போது எங்கள் பாடப்புத்தகங்களிலும் இல்லை. வெண்கட்டியைக் கையில் கொடுத்து எழுதிக் காட்டச் சொன்னேன். கூச்சப்பட்டு, பிறகு எழுதினார், என்னுடையதைவிட அழகான எழுத்து. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைகள் தும்பிக்கை போட்டே எழுதினார்கள். விட்டுவிட்டேன்.

ஆங்கிலத்தைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிகளில் ஒன்றிலும் இரண்டிலும் ஆங்கிலம் வாய்ப்பேச்சோடு சரி, புத்தகம் தரம் மூன்றில்தான். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியார் வந்து ஆங்கிலப் பள்ளி தொடங்கிய மாவட்டம் இது. ஆனாலும் பாலத்துக்கு இந்தப் பக்கம் அந்த மொழி இன்னும் கொஞ்சம் சுணங்கித்தான் வருகிறது. நகரத்தில் அச்சடித்த டோல்ச் அட்டையை வாங்கி வந்து, “இத மனப்பாடமாக்க விடுங்க சேர்” என்பவர்கள் உண்டு. அந்த 220ஐயும் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ‘ரன்’, ‘கெட்’, ‘பிக்’, ‘ஜம்ப்’, ‘ஸ்டொப்’ எல்லாம் எழுத்துக் கூட்டினாலே வந்துவிடும். கோணல் சொல்லிலும் கோணல் ஒரு இடத்தில்தான். ‘செட்’டில் எஸ்ஸும் டியும் ஒழுங்காகத்தான் நிற்கின்றன, நடுவில் இருக்கும் இரண்டைத்தான் நினைவில் வைக்க வேண்டும். தமிழ் பழகிய பிள்ளை எழுத்து எழுத்தாக நம்பி ‘சயிட்’ என்று வாசிக்கும். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் நடு எழுத்துக்குக் கீழே மட்டும் ஒரு கோடு போட்டால் போதும்.

கடைசியாக, பாராமல் ஒப்புவிக்கும் பிள்ளைகள். ஒக்டோபர் வாசிப்பு மாதம் வந்தால் இவர்கள்தான் மேடையில் நிற்பார்கள். புத்தகம் கையில் இருக்கும், பக்கமும் திருப்புவார்கள், கண் எங்கேயோ இருக்கும். வீட்டில் பத்துத் தடவை சொல்லிக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். வகுப்பிலும் அப்படிச் சிலர், விரல் மூன்றாவது வரியில், வாய் ஐந்தாவது வரியில். நல்ல நினைவாற்றல், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இவர்களுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

இதற்கு இங்கிலாந்துக்காரர் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2012இலிருந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னச் சோதனை. 40 சொல், அதில் 20 பொய்ச் சொல், எந்த அகராதியிலும் இல்லாதவை. மனப்பாடம் செய்ய முடியாது, எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும். எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்தது. தமிழில் செய்தேன். ‘கூமி’, ‘டமபு’, ‘நொப்பம்’. கரும்பலகையில் எழுதினால் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும், சிரித்துக்கொண்டே வாசிக்கும். ‘நொ’வைச் சரியாகப் பிடிக்கிறவர்கள் யார், முன்னால் நிற்கும் கொம்பைப் பார்த்து ‘நெ’ என்று தொடங்குகிறவர்கள் யார் என்பதும் இதில் தெரிந்துவிடும். பிறகு வாலைச் சேர்ப்பேன். நொப்பத்தில். நொப்பத்துக்கு. நொப்பத்திலிருந்து. குளத்திலிருந்து ‘ந்து’வை மட்டும் மீட்டு வந்த அந்தப் பொடியன் ‘நொப்பத்திலிருந்து’ என்பதை ஒரே இழுப்பில் வாசித்துவிட்டு, “நொப்பம் எண்டா என்ன சேர்?” என்று கேட்டான்.

தெரியாது, நீங்களே சொல்லுங்கள் என்றேன். மிருகம் என்றாள் ஒருத்தி. இல்லை, கறி என்றான் ஒருவன். ‘நொப்பத்துக்குப் போனேன்’ என்று வாசித்தோமே, அப்போ கறி எப்படி வரும் என்று இன்னொருத்தி கேட்டாள். அது ஒரு இடம் என்று முடிவாகிவிட்டது. அடுத்த வருடம் வந்த பிள்ளைகளுக்கும் மூத்தவர்கள் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது தரம் இரண்டில் யாரைக் கேட்டாலும் நொப்பம் ஒரு குளம், காட்டுக்குள் இருக்கிறது, அதில் முதலை உண்டு, மறுகா அங்கே தனியாகப் போகக் கூடாது.